வரம்புக்கு முந்திய வேலைகள்: நீலகிரி, கொடைக்கானல் நெரிசலும் மாநில அரசின் பொறுப்பும்

2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, அந்த ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. கோடைக் காலத்தில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் வருகின்றன என்றும், அவற்றில் 11,500 கார்கள், 1,300 வேன்கள், 600 பேருந்துகள், 6,500 இருசக்கர வாகனங்கள் அடங்கும் என்றும் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்ட கணக்கே அந்த உத்தரவுக்கு உடனடிக் காரணமாக அமைந்தது. முதல் கட்டத்தில் பாஸுக்குக் கட்டணம் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை, விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. வருவோர் யார், எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள் என்ற தரவைத் திரட்டுவதே அப்போதைய நோக்கம்.

அடுத்த கட்டம் 2025 மார்ச்சில் வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வாகனங்கள் என நீதிமன்றமே வரம்பு வகுத்தது. உள்ளூர் வாகனங்கள், விளைபொருள் ஏற்றிவரும் வண்டிகள், அரசுப் பேருந்துகள் போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மலையின் தாங்குதிறனை ஆய்வு செய்யும் பணி சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது. வரம்பை எதிர்த்து நீலகிரி வணிகர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் முழுக் கடையடைப்பு நடத்தினார்கள்.

இந்த வரிசையில் ஒரு விஷயம் கவனிக்கப்பட வேண்டும். எத்தனை வாகனங்கள் மலையேறலாம் என்ற முடிவு ஆட்சி நிர்வாகத்திடமிருந்து வரவில்லை, நீதிமன்றத்திடமிருந்து வந்தது. சுற்றுச்சூழல் வழக்குகளில் நீதிமன்றம் தலையிடுவது நம் நாட்டில் புதிதல்ல. ஆனால் நீதிமன்றத்தால் ஒரு எண்ணைச் சொல்ல முடியும், ஒரு தேதியைச் சொல்ல முடியும். மேட்டுப்பாளையத்தில் பேருந்தைத் தயாராக நிறுத்தி வைக்கவோ, பள்ளி விடுமுறையை மாற்றவோ, கட்டணத்தை நாளுக்கு ஏற்ப வகுக்கவோ அதனால் முடியாது. அந்தக் கருவிகள் எல்லாம் மாநில அரசின் கையில் இருக்கின்றன. அவை பயன்படுத்தப்படாத இடத்தில்தான் எண்ணிக்கை வரம்பு என்ற கடைசிக் கருவி முதலில் வந்து நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நெரிசலைக் கையாள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வருகிற வாகனங்களுக்கு இடம் ஏற்படுத்துவது: சாலையை அகலப்படுத்துவது, மாற்றுப் பாதை அமைப்பது, நிறுத்துமிடம் கட்டுவது. மற்றொன்று, பயணத்தின் தேவையையே நெறிப்படுத்துவது: எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வாகனத்தில், எத்தனை பேர் சேர்ந்து வருகிறார்கள் என்பதை முன்கூட்டியே மாற்றியமைப்பது. சமவெளி நகரங்களில் முதல் வழியைக் கொஞ்ச காலத்துக்காவது நீட்டிக்க முடியும். மலையில் அது விரைவில் முடிந்துவிடும். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அங்கே ஒரு பாதையை அகலப்படுத்துவது என்றால் சரிவை வெட்டுவது என்று பொருள். வெட்டிய சரிவு அடுத்த பருவமழையில் சாலைமேல் வந்து விழுவதை நீலகிரி மக்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். மேலும், ஒரு சாலை எவ்வளவு வாகனங்களைத் தாங்கும் என்பதை அதன் மிக அகலமான பகுதி தீர்மானிப்பதில்லை. மிகக் குறுகலான இடமே தீர்மானிக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வரும் பாதை முழுவதும் நன்றாக இருந்தாலும், மூஞ்சிக்கல்லிலும் ஏழு ரோடு சந்திப்பிலும் வாகனங்கள் நின்றுவிட்டால் அந்த வரிசை மலைப்பாதையில் பின்னோக்கி நீளும்.

சட்டத்தில் மாநில அரசுக்கு அதிகாரம் இல்லையா என்ற கேள்வி இங்கே எழும். போதுமான அளவு இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பு அல்லது வசதி கருதியோ, சாலையின் தன்மை கருதியோ, குறிப்பிட்ட பகுதியில் அல்லது சாலையில் வாகனங்களைத் தடை செய்யவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் உரிமை தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிக்கைகூட வேண்டியதில்லை. உள்ளூரில் உரிய முறையில் அறிவித்தால் போதும். 117ஆம் பிரிவு நிறுத்துமிடங்களை வரையறுக்கும் அதிகாரத்தைத் தருகிறது. தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளும் உள்ளாட்சியும் சாலைச் சுங்கக் கட்டணமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. நாட்டில் எங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உறுதி செய்கிறது என்றாலும், பொதுநலன் கருதிய நியாயமான கட்டுப்பாடுகளுக்கு அதே பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகவே கட்டுப்பாடு நியாயமானதா, எல்லோருக்கும் ஒரே அளவுகோலா, மாற்று வழி தரப்பட்டிருக்கிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். மாற்று வழி தராமல் வைக்கும் தடை நீதிமன்றத்திலும் மக்கள் மனத்திலும் நிலைப்பது கடினம்.

இந்த அதிகாரம் துண்டு துண்டாகப் பயன்படுத்தப்பட்டும் வருகிறது. சீசன் நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் செல்லும் வாகனங்கள் குன்னூர் வழியாக ஏறவும், திரும்பும் வாகனங்கள் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதை அமல்படுத்தப்படுகிறது. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில், விபத்துகளுக்குப் பிறகு, வெளியூர் வாகனங்கள் மசினகுடி நோக்கி இறங்கத் தடை வந்தது. 2024 நவம்பரில் கொடைக்கானல் மலைச்சாலைகளில் 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வாகனங்களுக்குத் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டுமே, அளவோடு, அனுமதிக்கப்படுகின்றன. கர்நாடகப் பகுதியில் பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடப்பட்டுக் காலை 6 மணிக்குத் திறக்கப்படுகிறது. கூடலூர், மசினகுடி மக்கள் தங்கள் பயணத்தை அந்த நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டுவிட்டார்கள். இவற்றில் ஒவ்வொன்றும் பயனுள்ளது. ஆனால் பேரிஜம் அனுமதி நீங்கலாக மற்றவை, மலைக்கு ஏறிவிட்ட அல்லது ஏறத் தொடங்கிவிட்ட வாகனத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்விக்கே விடை தருகின்றன. அந்த வாகனம் சென்னையிலோ கோழிக்கோட்டிலோ பெங்களூரிலோ கிளம்பும் முன்னரே வேறு முடிவு எடுக்க வைக்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை.

நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட அந்த 20,000 என்ற எண்ணைச் சற்று உடைத்துப் பார்த்தால் அரசின் பணி எங்கே தொடங்க வேண்டும் என்பது தெளிவாகும். ஒரு காரில் சராசரியாக நான்கு பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், 11,500 கார்கள் 46,000 பேரை ஏற்றிவருகின்றன. ஒரு பேருந்தில் ஐம்பது பேர் என்று கொண்டால், வெறும் 600 பேருந்துகள் 30,000 பேரை ஏற்றிவர முடியும். அதாவது மொத்த வாகனங்களில் நூற்றுக்கு மூன்று பங்காக இருக்கும் பேருந்துகளால், நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பங்காக இருக்கும் கார்கள் ஏற்றிவரும் கூட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்க இயலும். கார்களில் வருவோரில் மூன்றில் ஒருவர் அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினால், சுமார் 3,800 கார்கள் மலைப்பாதையிலிருந்து விலகும். அவர்களுக்குத் தேவைப்படும் பேருந்து நடைகள் முந்நூறுக்குச் சற்று மேல். வாகனங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் மனிதர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டுகிறது. வணிகர்களின் அச்சம் மனிதர்கள் குறைவதைப் பற்றியது. மலையின் சுமையோ பெரும்பாலும் வாகனங்களைப் பற்றியது. இரண்டையும் பிரித்துப் பார்த்திருந்தால் கடையடைப்பு வரை போயிருக்க வேண்டிய தேவை குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதற்கு முன்மாதிரி தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 2018 வெள்ளத்தில் பம்பைக் கரை சிதைந்த பிறகு, கேரள அரசு நிலக்கல்லைச் சபரிமலையின் அடிவார முகாமாக்கியது. ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் அங்கே நிறுத்தப்பட, அங்கிருந்து பம்பை வரை அரசுப் பேருந்துகள் தொடர்ந்து ஓடின. தரிசனத்துக்கு நேரம் முன்பதிவு செய்யும் முறையும் அதனோடு சேர்ந்தே நடக்கிறது. மாலை போட்டுச் செல்லும் தமிழ்நாட்டுப் பக்தர்களில் பலருக்கு இந்த ஏற்பாடு நேரில் பழக்கமானது. திருவண்ணாமலையில் தீபத் திருநாளன்று நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைப்பதும் இதே முறைதான். கூட்டத்தைக் கோயில் வாசலில் தடுப்பதைவிட ஊர் எல்லையில் வாகனத்தை மாற்றுவது எளிது என்பதை நம் நிர்வாகம் திருவிழாக்களில் நன்றாகவே கற்றிருக்கிறது. மே மாத ஊட்டியும் கொடைக்கானலும் ஒரு நாள் திருவிழா அல்ல, ஆறு வாரத் திருவிழா. திட்டம் மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை.

மேட்டுப்பாளையத்துக்கு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் அங்கே வந்து சேர்கிறது. அதில் வரும் பயணிகளில் ஒரு சிறு பங்கினருக்கு மட்டுமே காலை மலை ரயிலில் இடம் கிடைக்கும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் எட்டிய அந்தப் பல்சக்கரப் பாதை 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அது மெதுவாக ஏறும், குறைவாகவே ஏற்றும், ரயில்வே ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. ஆகவே மாநில அரசு அதை நம்பித் திட்டமிட முடியாது. அதே ரயில் நிலையத்திலிருந்து, இருக்கை முன்பதிவோடு, ஊட்டி வரை நேரடிச் சிற்றுந்துகளை ரயில் வரும் நேரத்துக்கு இணைத்து ஓட்ட மாநிலப் போக்குவரத்துக் கழகத்தால் முடியும். கொடைக்கானலின் நிலை இதைவிடக் கடினம். கொடைக்கானல் ரோடு என்ற பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது என்றாலும், அங்கிருந்து மலை உச்சி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் இறங்குகிற குடும்பம் வத்தலக்குண்டுக்குப் போய் வேறு பேருந்து மாற வேண்டும் என்றால், அடுத்த முறை அவர்கள் காரில்தான் வருவார்கள்.

மேலே போய்ச் சேர்ந்த பிறகும் கார் இல்லாமல் சுற்ற முடிய வேண்டும். சீசனில் ஊட்டியில் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என முக்கிய இடங்களை இணைத்து அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒருநாள் சீட்டில் சுற்றுப் பேருந்துகளை இயக்கியிருக்கிறது; நல்ல ஏற்பாடு அது. ஆனால் அது சீசன் காலச் சிறப்பு ஏற்பாடாகவே இருப்பதால், வீட்டில் அமர்ந்து பயணத்தைத் திட்டமிடும் ஒருவர் அதை நம்பிக் காரை விட்டுவிட்டுக் கிளம்ப மாட்டார். கொடைக்கானலில் தூண் பாறை, குணா குகை, பைன் காடு ஆகியவை ஒரே சாலையில் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒரே சாலை, ஒரே திசை, ஒரே வரிசை என்றால் சுற்றுப் பேருந்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அங்கேதான் கார்கள் மணிக்கணக்கில் நிற்கின்றன. 2024இல் மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. உள்ளூர்ப் பெண்களின் பயணத்தை எளிதாக்கிய அந்த முடிவு, மலையில் பேருந்துச் சேவையை எந்த அளவுக்கு அரசால் மாற்ற முடியும் என்பதற்கும் சான்று.

நேரத்தைப் பற்றிப் பேசாமல் தேவையைப் பற்றிப் பேச முடியாது. மலைக்கு ஆண்டு முழுவதும் வருகிற கூட்டம் ஒரே சீராக வந்தால் இந்த நெரிசலில் பெரும்பகுதி இருக்காது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் கேரள, கர்நாடகப் பள்ளிகளின் விடுமுறையும் ஏப்ரல், மே மாதங்களில் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஊட்டி மலர்க் கண்காட்சியும் கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சியும் அதே மே மாதத்தில் நடக்கின்றன. விடுமுறை நாட்காட்டியை வகுப்பது பள்ளிக் கல்வித் துறை. கண்காட்சித் தேதியை வகுப்பது தோட்டக்கலைத் துறை. இரண்டும் மாநில அரசே. மே மாத வெயிலில் பள்ளி நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்காட்சிகள் நெரிசல் மிகுந்த வாரங்களைத் தவிர்க்கலாம்; மாநிலத்தின் பல மண்டலங்களுக்குக் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளைச் சில நாட்கள் முன்பின்னாக வைக்கலாம். தொடர் விடுமுறை வருகிற வாரங்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்தவை. அந்த வாரங்களுக்கான பாஸ்களை மாதக்கணக்கில் முன்னதாகத் திறந்து, நிரம்பிய நாட்களை எல்லோரும் காணும்படி வெளியிட்டால், விடுதியில் முன்பணம் கட்டும் முன்பே மக்கள் வேறு தேதியைத் தேர்ந்தெடுப்பார்கள். கல்லாறு சோதனைச்சாவடியில் பாஸ் இல்லை என்று ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்புவது அவர்களுக்கும் வருத்தம், காவலருக்கும் வருத்தம், பின்னால் நிற்கும் நூறு வண்டிகளுக்கும் தாமதம்.

கட்டணம் அடுத்த கருவி. கவனமாகக் கையாள வேண்டிய கருவியும்கூட. நீலகிரியில் பசுமை வரியும், கொடைக்கானலில் நகராட்சியின் நுழைவுக் கட்டணமும் வசூலிக்கப்பட்டு வருகின்றன. அவை வருவாய்க்கானவை. நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமைக்கும் மே மாதச் சனிக்கிழமைக்கும் ஒரே கட்டணம் என்னும்போது அது யாருடைய முடிவையும் மாற்றாது. சிங்கப்பூர் 1975இலேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு உரிமக் கட்டணம் வைத்தது; லண்டன் 2003இல் தொடங்கியது. நியூயார்க்கின் அனுபவம் நமக்கு நெருக்கமானது, ஏனெனில் அங்கே முடிவெடுத்தது மாநில அரசு. 2019இல் மாநிலச் சட்டமன்றம் அனுமதித்த நெரிசல் கட்டணத் திட்டம், 2024 ஜூனில் தொடங்கும் தறுவாயில், அங்கே மாநில ஆட்சியின் தலைவரான ஆளுநரால் நிறுத்தப்பட்டு, 15 டாலராக இருந்த பகல்நேரக் கார் கட்டணம் 9 டாலராகக் குறைக்கப்பட்டு, 2025 ஜனவரி 5 அன்று நடைமுறைக்கு வந்தது. வசூலாகும் பணத்தில் பெரும்பகுதி சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் போக வேண்டும் என்று சட்டமே விதிக்கிறது. மக்கள் எதிர்ப்பைக் கண்டு தயங்கிய அரசு மீண்டும் துணிய முடிந்ததற்கு, பணம் எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். நம் மலைகளில் வசூலாகும் தொகை தனிக் கணக்கில் சேர்ந்து, அடிவாரப் பேருந்துகளுக்கும் நிறுத்துமிடங்களுக்கும் செலவிடப்படுகிறது என்று ஆண்டுதோறும் காட்ட முடிந்தால் மட்டுமே, நெரிசல் நாட்களுக்குக் கூடுதல் கட்டணம் என்ற பேச்சைத் தொடங்க அரசுக்குத் தகுதி வரும். அப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டாக வேன் பிடித்து வருகிற எளிய குடும்பத்தின் மீது அந்தச் சுமை விழக் கூடாது. ஆள் குறைவாக வரும் கார்மீது விழ வேண்டும்.

எண்ணிக்கை வரம்பு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். இமாச்சலப் பிரதேசத்தின் ரோத்தாங் கணவாயில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு, சுற்றுலா வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 1,200 என்ற வரம்பும் இணைய அனுமதியும் வந்தன. மகாராஷ்டிரத்தின் மாத்தேரான் மலையில் சுற்றுலா வாகனங்கள் ஊருக்கு வெளியே உள்ள தஸ்தூரி நாக்கா நிறுத்துமிடத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கே சுற்றுலா அழிந்துவிடவில்லை. வரம்பு தேவைப்படும் நாட்கள் நம் மலைகளிலும் உண்டு. ஆனால் வரம்புக்கு வெளியே இருப்போரின் நிலைமையும் கணக்கில் வர வேண்டும். கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரிக்கு இ-பாஸ் வேண்டாம். ஆனால் நெரிசலில் அதுவும் நிற்கிறது. பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் மலைப்பூண்டு கொண்டுவரும் விவசாயிக்கும் விலக்கு உண்டு, வழி இல்லை. கோவைக்கு அனுப்பப்படும் நோயாளியின் ஆம்புலன்ஸ் குன்னூர் மலைப்பாதையில் காத்திருப்பதை விலக்குப் பட்டியலால் தீர்க்க முடியாது. 2025 ஏப்ரலில் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது சமவெளிக்கு இறங்க வேண்டிய அவசரப் பயணங்களில் ஒரு பகுதியைக் குறைக்கும். மருத்துவமனை கட்டுவதும் ஒருவகையில் பயணத் தேவையைக் குறைப்பதே.

இத்தனை கருவிகளும் ஒரே அரசிடம் இருந்தும் ஏன் ஒன்று சேரவில்லை? அவை வெவ்வேறு துறைகளில் இருக்கின்றன. பேருந்து போக்குவரத்துத் துறையில், சாலை நெடுஞ்சாலைத் துறையில், ஒருவழிப் பாதை காவல்துறையில், நுழைவுக் கட்டணம் நகராட்சியில், காட்டுச் சாலை வனத்துறையில், விழா சுற்றுலாத் துறையில். இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கும் பொறுப்பு, வேறு நூறு வேலைகளுக்கு நடுவே, மாவட்ட ஆட்சியரின் மேசைக்கு வந்து சேர்கிறது. சென்னைக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2010ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. மலைப்பகுதிகளில் கட்டுமானங்களைக் கண்காணிக்க மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இருக்கிறது. மலைக்குச் செல்லும் பயணத்துக்கு அப்படி ஒரு அமைப்பு இல்லை. கர்நாடக, கேரள எல்லைகளில் கக்கநல்லாவிலும் நாடுகாணியிலும் வந்து சேரும் வாகனங்களைப் பற்றி அந்த இரு மாநிலங்களோடும் பேச வேண்டியவரும் மாநில அளவில்தான் இருக்க முடியும். மாவட்ட நிர்வாகத்தால் மைசூரிலோ வயநாட்டிலோ பேருந்துச் சேவையை மாற்ற இயலாது.

தாங்குதிறன் ஆய்வு ஒரு எண்ணைத் தரும். அந்த எண் எத்தனை வாகனங்கள் என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மனிதர்கள், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை டன் குப்பை, எந்தச் சந்திப்பில் எந்த மணி நேரத்தில் எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் அரசு அதைக் கொண்டு வேலை செய்ய முடியும். இ-பாஸ் மூலம் இதுவரை திரண்டிருக்கும் தரவு, யார் எங்கிருந்து எந்த நாளில் வருகிறார்கள் என்பதைக் காட்டக்கூடியது. தனிநபர் விவரங்களை நீக்கி அது வெளியிடப்பட்டால், எந்த ஊரிலிருந்து எத்தனை பேருந்துகள் விட வேண்டும் என்ற கேள்விக்கு அதிலிருந்தே விடை எடுக்கலாம். மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் பழனியிலும் கூடலூரிலும் நிறுத்துமிடமும் கழிவறையும் சிற்றுந்தும் தயாராக இருப்பதற்கு ஒரு மழைக்காலம் போதும். அவை தயாரான பிறகு அறிவிக்கப்படும் வரம்பை மலையில் கடை வைத்திருப்பவரும் ஏற்றுக்கொள்ள முடியும், ஏனெனில் அவருடைய வாடிக்கையாளர் அப்போது வேறு வண்டியில் வந்துகொண்டிருப்பார்.